விதியும் சதியும் கணக்கும்

எண்ணெயும் நெருப்பும் சந்தித்தால் என்ன நேரும் என்பதைத் திருகோணமலை மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென வெள்ளையர் புகழ்ந்த எங்கள் துறைமுகத்தின் கரையிலே, சீனன்குடாக் காட்டுக்குள், அவர்கள் தம் போர்க்கப்பல்களுக்காகக் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, விமானம் ஒன்று தாங்கியொன்றின் மீதே வந்து வீழ்ந்தது. அது நாட்கணக்கில் எரிந்த கதையை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். 2022 ஜனவரியில் இத்தாங்கிகள் 99உம் பங்கிடப்பட்டன: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. எனவே எண்ணெய் என்பது எங்கள் ஊரில் வரலாறும் ஆகும், அரசியலும் ஆகும்.

ஆயின், நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அந்த எண்ணெயைப் பற்றியன்று. நம் கண்ணெதிரே இருந்தும் நாம் காணாத வேறோர் எண்ணெய் உண்டு. சந்தியிலே, பேருந்து நிலையத்தருகே, பாடசாலை மதிலை ஒட்டி, இரண்டு தூண்களுக்கு நடுவே சாம்பல் நிறப் பெட்டியொன்று இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெய். எங்கள் பாடநூல் அப்பெட்டியை 'நிலைமாற்றி' என்கிறது. தமிழகத்தார் 'மின்மாற்றி' என்பர். தெருவிலே யாவருக்கும் அது 'ட்ரான்ஸ்போமர்'தான். அதனுள் இருக்கும் எண்ணெய்க்கு இரண்டு வேலைகள். செப்புச் சுருள்களுக்கிடையே மின் பாயாதபடி காவலிடுவது ஒன்று; அவற்றில் பிறக்கும் வெப்பத்தை வெளியே கொண்டு செல்வது மற்றொன்று. தெருவோரப் பெட்டியில் அது சில நூறு லீற்றர் இருக்கும். பெரிய உப மின்நிலையத்து நிலைமாற்றியிலோ பல பத்துத் தொன். காவல்காரனாக அமர்த்தப்பட்ட இந்த எண்ணெயே சில வேளைகளில் வீட்டைக் கொளுத்திவிடுகிறது. அது ஏன், எப்படி, அதை முன்கூட்டியே கணக்கிட்டறிய இயலுமா என்பதே எனது விடயம். இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயம் என்று நம் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதிலே மனிதரின் மானமும் உயிரும் அடங்கியுள்ளன.

2016 மார்ச் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பல மணி நேரம் நாடே இருளில் கிடந்தது. அன்றைய தினம் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகம உப மின்நிலையத்தில் நிலைமாற்றியொன்று வெடித்துத் தீப்பற்றியது. முந்திய ஆறு மாதங்களுக்குள் நாடு முழுவதும் இருண்டது அது மூன்றாவது தடவை. அரச தரப்பிலிருந்தே நாசவேலை என்ற ஐயம் எழுப்பப்பட்டது. மின்நிலையங்களைக் காவல் காக்க இராணுவம் அனுப்பப்பட்டது.

'நாசவேலை' என்ற சொல் கொழும்பிலே ஒரு பொருள் தரும். திருகோணமலைத் தமிழன் காதிலே அது வேறு பொருள் தரும். முப்பது ஆண்டுகள் போர் நடந்த நாடு இது. அக்காலத்தில் நிலைமாற்றிகள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதும் உண்டு. ஏதோவொன்று வெடித்தது என்ற செய்தி வந்ததும், அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் தடவிப் பார்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறையின் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை. மறுநாள் திங்கட்கிழமை உயர்தர வகுப்பில் நான் பௌதிகம் கற்பிக்க நின்றபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், அது வெடிச்சதா, வெடிக்க வைச்சாங்களா?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கேள்வி அவன் வீட்டிலும் அயலிலும் முதல் நாள் இரவு பேசப்பட்ட கேள்வி. அவ்வயலிலேயே அதற்கு இரண்டு விடைகளும் தயாராக இருந்தன. "எல்லாம் நாட்டின் விதி" என்றனர் சிலர். "இது எவரோ செய்த சதி" என்றனர் மற்றவர். விதிக்கும் சதிக்கும் இடையே மூன்றாவது விடை ஒன்று உண்டென்பதை அம்மாணவனுக்குக் காட்ட வேண்டியது பௌதிக ஆசிரியனின் கடமை அன்றோ? அந்த மூன்றாவது விடையின் பெயர் கணக்கு.

காவல் எண்ணெயில் ஈரம் ஏறினாலும், சுருளைச் சுற்றிய கடதாசி முதுமையால் நலிந்தாலும், அதன் காவல் வலிமை குன்றுகிறது. ஒரு கணத்தில், பாயக்கூடாத இடத்தில் மின் பாய்ந்துவிடுகிறது. அப்பாய்ச்சலையே மின்வில் என்கிறோம். இரும்பு ஒட்டுகிறவரின் கைக்கருவி நுனியில் கண்ணைப் பறிக்கும் ஒளி தோன்றுகிறதே, அதன் இனமே இது. இந்த மின்வில்லைக் கணக்கின் பிடிக்குள் முதலில் கொண்டுவந்தோருள் ஒருவர் ஹேர்த்தா எயர்ட்டன் என்ற பெண்மணி. பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்த ஓர் ஏழை யூதக் கடிகாரத் தொழிலாளியின் மகள் அவர். காற்றிலே இரு கரிக்கோல்களுக்கிடையே எரியும் மின்வில்லின் நீளத்துக்கும், மின்னோட்டத்துக்கும், அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். 1902இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரை உறுப்பினராக்கும் முன்மொழிவை இலண்டன் ரோயல் சங்கம் ஏற்க மறுத்தது. காரணம், அவர் மணமான பெண்! மின்வில்லின் இயல்பை ஆராய்ந்தறிந்தவருக்கு அவ்வறிஞர் சபையின் கதவு திறக்கவில்லை.

எண்ணெய்க்குள் எழும் மின்வில் இன்னும் கொடியது. அதன் வெப்பநிலை பல ஆயிரம் பாகை. அதைத் தொட்ட எண்ணெய் கொதிப்பதோடு நிற்பதில்லை. அதன் மூலக்கூறுகளே உடைந்து வாயுவாகின்றன. அவ்வாயுவில் பெரும்பங்கு ஐதரசன், அடுத்தது அசற்றலீன், பின் மெதேன், எதிலீன் முதலியன. ஒரு கிலோயூல் சக்தி ஏறத்தாழ 60 முதல் 100 கன சென்ரிமீற்றர் வரையிலான வாயுவைப் பிறப்பிக்கும் என்பது பல பரிசோதனைகளால் அறியப்பட்டது.

அன்று நான் கரும்பலகையில் எழுதிய கணக்கை இங்கும் எழுதுகிறேன். இது பியகமவின் கணக்கன்று. வகுப்புக்காக எடுத்துக்கொண்ட எண்கள். மின்வில்லின் அழுத்தம் 1,000 வோல்ற்று, மின்னோட்டம் 20,000 அம்பியர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2 கோடி வாற்று. பழுதை உணர்ந்து மின்னை வெட்டும் கருவி தன் வேலையை முடிக்க 0.1 செக்கன் எடுக்கிறது என்போம். வெளிப்பட்ட சக்தி 20 இலட்சம் யூல், அதாவது 2,000 கிலோயூல். இது பெரிய தொகையன்று. ஆறு லீற்றர் தண்ணீரைத் தேநீருக்காகக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இவ்வளவு சக்தி போதும். அடுப்பிலே அது அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லச் செல்கிறது, இங்கோ இமைப்பொழுதில். பிறக்கும் வாயு, கிலோயூலுக்கு 80 கன சென்ரிமீற்றர் வீதம், 160 லீற்றர். அதுவும் ஆறிய நிலையில் அளந்தால்தான் 160. அவ்வெப்பத்தில் அது பன்மடங்கு இடம் கேட்கும். எண்ணெய் நிரம்பிய, மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதற்கு இடம் ஏது? எண்ணெயோ எளிதில் அமுங்காது. ஆகவே அமுக்கம் ஏறுகிறது. காற்றமுக்கத்தின் ஒருசில மடங்கையே தாங்கக்கூடிய பெட்டி பிளக்கிறது.

இங்கே மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெட்டிக்குள் எரிவதற்குப் போதிய ஒட்சிசன் இல்லை. எனவே முதல் வெடிப்பு நெருப்பினால் ஆனதன்று, அமுக்கத்தினால் ஆனது. பெட்டி பிளந்து, சூடான வாயுவும் எண்ணெய்ப் புகாரும் வெளிக் காற்றோடு கலந்த பிறகே நெருப்பு வருகிறது. தொலைவில் நிற்பவர் காண்பது அந்த இரண்டாவது நிகழ்ச்சியை மட்டுமே. காணாத முதல் நிகழ்ச்சியில்தான் காரணம் கிடக்கிறது.

கரும்பலகைக் கணக்கு தொடக்கம் மட்டுமே. உண்மையான மின்வில் நிலையாக நிற்பதில்லை. நீளும், குறுகும், நெளியும். 1939இல் கசி என்பவரும் 1943இல் மயர் என்பவரும் மின்வில் எவ்வாறு உயிர் வாழ்கிறது, எவ்வாறு அணைகிறது என்பதற்குத் தனித்தனியே சமன்பாடுகள் தந்தனர். இன்றைய ஆய்வாளர் நிலைமாற்றிப் பெட்டியின் உள்வெளியைப் பல்லாயிரம் சிறு அறைகளாகக் கற்பனையில் பிரிக்கின்றனர். ஒவ்வோர் அறையிலும் திணிவு, உந்தம், சக்தி ஆகியவை அழிவதில்லை என்ற அதே பழைய விதிகளை வைத்து, அமுக்கம் எவ்வளவு, எண்ணெய் எத்திசையில் ஓடுகிறது என்று கணம் கணமாகக் கணினியால் கணிக்கின்றனர். இரும்புச் சுவர் எங்கே புடைக்கும், எந்த ஒட்டு முதலில் பிளக்கும் என்பதையும் அதனோடு சேர்த்தே கணிக்கின்றனர். கணிப்பு மெய்தானா என்றறிய, பெட்டிகளுக்குள் வேண்டுமென்றே மின்வில் எழுப்பிச் சோதித்தும் பார்க்கின்றனர்.

இக்கணக்குகள் சில அரிய உண்மைகளைப் புலப்படுத்தியுள்ளன. எண்ணெயில் அமுக்க அலை செக்கனுக்கு ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஐந்து மீற்றர் நீளப் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல அதற்குச் சில மில்லிசெக்கன்களே தேவை. மறுகோடியில் பொருத்திய பாதுகாப்பு வால்வு திறக்கத் தொடங்குமுன், மின்வில்லுக்கு அண்மையிலுள்ள சுவர் அடியை வாங்கிவிடுகிறது. சிறிதளவு புடைத்து இடம் கொடுக்கவல்ல சுவர், விறைத்து நிற்கும் சுவரைக் காட்டிலும் சில வேளை அதிகம் தாங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலம். 0.1 செக்கன் 0.2 ஆனால் சக்தி இரு மடங்கு. வாயுவும் இரு மடங்கு. வெட்டும் கருவி பழையதாக இருக்கட்டுமா, புதியதாக மாற்றப்படட்டுமா என்று எங்கோ ஒரு மேசையில் எடுக்கப்படும் முடிவு, ஒரு சுவர் பிளப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

நிற்க. மாணவன் கேட்ட கேள்விக்கு இது விடையாகுமா? ஆகும். எண்ணெய் ஒரு சாட்சி. பெரும் மின்வில் எழுவதற்கு முன், பல வேளைகளில் சிறு பொறிகளும் உட்சூடும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. ஒவ்வொன்றும் எண்ணெயில் தன் தடத்தை வாயுவாக விட்டுச் செல்கிறது. 1921இலேயே மக்ஸ் புக்ஹோல்ஸ் என்ற செருமானியர், பெட்டிக்கு மேலே சேரும் வாயுவைப் பிடித்து எச்சரிக்கும் கருவியொன்றைக் கண்டுபிடித்தார். 1974இல் கனடாவின் மிஷேல் டுவால், மெதேன், எதிலீன், அசற்றலீன் ஆகிய மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் குறித்து, உள்ளே நடப்பது வெறும் சூடா, பொறியா, மின்வில்லா என்று சொல்லும் வழியைத் தந்தார். வைத்தியர் இரத்தத்தைச் சோதிப்பதற்கு இது ஒப்பாகும். வெடித்த பின்னரும் சாட்சியம் இருக்கிறது: மின் வெட்டிகளின் நேரப் பதிவு, இரும்பு எப்பக்கம் மடிந்தது என்ற குறி, முந்திய ஆண்டுகளின் எண்ணெய்ச் சோதனை ஏடு. சதி ஒருபோதும் நடவாது என்று நான் கூறவில்லை. சதி என்று சொல்பவரும், சதியன்று என்று சொல்பவரும் இந்த ஏட்டை முதலில் மேசைமேல் வைக்கட்டும் என்கிறேன். ஏடு வெளிவராத இடத்தில்தான் விதி வந்து அமர்கிறது. விதிக்கு அருகே சதி வந்து அமர்கிறது. பின்னர் துவக்கோடு காவல்காரர் வந்து நிற்கின்றனர்.

வறிய நாட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2025 மார்ச் 20ஆம் நாள் இரவு, இலண்டனுக்கு மேற்கே நோர்த் ஹைட் உப மின்நிலையத்தில் ஒரு பெரிய நிலைமாற்றி தீப்பற்றியது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையமே மூடப்பட்டது. அங்கும் முதலில் எழுந்தது சதி என்ற பேச்சுத்தான். பயங்கரவாதத் தடுப்புப் பொலிசாரே விசாரணையைத் தொடங்கினர். ஆயின் அதே ஆண்டு யூலையில் வெளிவந்த இறுதி அறிக்கை வேறொன்றைக் கூறியது. உயர் அழுத்தக் கம்பி பெட்டிக்குள் நுழையும் காவலிக் குழலுக்குள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம். அதைவிட முக்கியமான செய்தி: அளவுக்கு மிஞ்சிய ஈரம் 2018 யூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே காணப்பட்டிருந்தது. ஆறரை ஆண்டுகளுக்கு முன்பே எண்ணெய் சாட்சி கூறிவிட்டது. செயற்பட வேண்டியவர் செயற்படவில்லை. அங்கே அந்த ஏடு வெளியிடப்பட்டது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் இலண்டனில் நடந்ததைத் திருகோணமலையிலிருந்து நான் எழுத முடிகிறது.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? 2020 ஆகஸ்ட் 17இல் மீண்டும் நாடு இருண்டது. கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது ஒரு பணியாளர் செய்த தவறே காரணம் என்றனர். 2025 பெப்ரவரி 9இல் மீண்டும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று பாய்ந்தது காரணம் என்றனர். இவ்விரண்டும் வெடிப்பு நிகழ்ச்சிகள் அல்ல. ஆனால் காரணம் தேடும் முறையைக் காட்டுவன. முதலில் சதிகாரன், பின்னர் பணியாளன், அதன் பின்னர் குரங்கு! ஒரு மனிதனின் கைப்பிழையோ ஒரு விலங்கின் பாய்ச்சலோ ஒரு தீவையே இருட்டாக்க இயலுமாயின், அவ்வாறு இயலும்படி அமைப்பை வைத்திருந்தது யார் என்பதல்லவா கேள்வி? பழி எப்பொழுதும் கீழ்நோக்கியே வழிகிறது.

இதை நான் செய்தித்தாளில் மட்டும் படித்து எழுதவில்லை. என்னிடம் கற்ற மாணவன் ஒருவன், உயர்தரத்தில் பல்கலைக்கழக நுழைவுக்குச் சில புள்ளிகள் குறைந்தமையால், துறைமுகத்தை அண்டிய ஒரு வேலைத்தலத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் மின்வேலைக்குச் சேர்ந்தான். அவ்விடத்தின் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. இத்தகைய இடங்கள் பல உள. அங்கே பழைய எண்ணெய் ஆளி ஒன்று இருந்தது. நிலைமாற்றியைப் போலவே அதுவும் எண்ணெய் நிரம்பிய இரும்புப் பெட்டி. உள்ளே மின்னைத் தொடுக்கவும் துண்டிக்கவும் செப்புத் தொடுகைகள். வெளியே ஒரு நெம்புகோல். விசையைச் சேமித்து வைக்கும் வில் அதில் இல்லை. தொடுகை எவ்வளவு வேகமாக மூடுகிறது என்பது இயக்குபவனின் புயத்தின் வேகத்தையே பொறுத்தது. மின் தடைப்பட்ட ஒரு நாள், அதை மீண்டும் மூடும்படி அவனுக்குச் சொல்லப்பட்டது. மூடினான். பெட்டி வெடித்தது. இரு கைகளும் கழுத்தும் வெந்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். உயிர் தப்பினான். இடக்கை விரல்கள் இன்று மடங்குவதில்லை.

விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அவனுடைய தாயார் அதை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இயக்கியவர் மூடும்போது தயங்கினார், கவனக்குறைவு" என்பதே அதன் சாரம். நான் படித்துத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப என்ட பிள்ளைதான் பிழை விட்டவனோ, சேர்?"

நான் கணக்கின் துணையோடுதான் விடை கூறினேன். அவ்வாளியின் தொடுகைகள் ஒன்றையொன்று தொடுமுன்பே, நெருங்கும்போதே மின்வில் பாய்ந்துவிடும். மறுபுறத்தில் பழுது தீராமல் இருந்திருந்தால் பாயும் மின்னோட்டம் வழமையானதன்று, பல்லாயிரம் அம்பியர். அம்மின்னோட்டத்தின் காந்த விசை தொடுகைகளை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். நெம்புகோலைப் பிடித்த கையையே பின்னோக்கி உதைக்கும். வெளியே நின்று பார்த்தவருக்கு அது தயக்கமாகத் தோன்றியிருக்கும். தள்ளப்பட்ட அக்கணம் மின்வில்லின் வாழ்நாள் நீள்கிறது, வாயு பெருகுகிறது, எண்ணெய் முன்பே கரிபிடித்தோ மட்டம் குறைந்தோ இருந்தால் கேடு இன்னும் விரைகிறது. இவையாவும் பத்தில் ஒரு செக்கன் அளவிலான காலத்தில் நிகழ்பவை. மனிதன் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, கையை அசைக்கவே அதைப்போல இரு மடங்கு நேரம் வேண்டும். நடந்து முடியும்வரை அவன் மூளைக்குச் செய்தியே போய்ச் சேராத ஒன்றுக்கு, அவனுடைய கவனக்குறைவு எவ்வாறு காரணமாகும்? கைவேகத்தை நம்பிய இத்தகைய பழைய எண்ணெய் ஆளிகளை மின்னோடு இருக்கும்போது இயக்கலாகாது, அவை மாற்றப்பட வேண்டும் என்று பிரித்தானியத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் தம் வழிகாட்டி நூலில் எழுதி வைத்துள்ளனர். ஆகவே பிழை அவன் புயத்தில் இல்லை. பழுது தீர்ந்ததா என்று சோதிக்காமல், அவனை அப்பெட்டியின் முன் நிறுத்திய ஏற்பாட்டிலே இருந்தது.

"இல்லை அம்மா, பிழை அவனுடையதில்லை" என்றேன். அவர் அழவில்லை. "இதை எழுதித் தருவீங்களோ?" என்றார். எழுதிக் கொடுத்தேன். தொழிற் திணைக்களத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தோடு அத்தாளையும் இணைத்தார். நட்டஈடு இன்னும் வரவில்லை. ஆயின் தன் மகன் கவனக்குறைவானவன் அல்லன் என்பதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லும் துணிவு அத்தாய்க்கு வந்தது. ஒரு சமன்பாட்டினால் இதுவும் ஆகும் என்பதைப் பல்லாண்டு பௌதிகம் கற்பித்த எனக்கு அன்றுதான் காண நேர்ந்தது.

கணினியில் வரையப்படும் அந்தப் பல்லாயிரம் சிறு அறைகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இரும்புச் சுவரின் தடிப்பு கணக்கில் இருக்கிறது. எண்ணெயின் அடர்த்தி இருக்கிறது. அருகிலுள்ள இயந்திரத்தின் விலைகூட இருக்கிறது. சுவருக்கு வெளியே ஒரு முழத் தொலைவில் நிற்கும் மனிதனுக்கு அக்கணக்கில் இடம் உண்டா? உண்டெனின், முதல் திருத்தம் எளியது: அவனை அங்கிருந்து அகற்றி, தொலைவிலிருந்து இயக்கச் செய்வது. அடுத்து, எண்ணெய் ஆளிக்குப் பதிலாக வெற்றிட ஆளி. நிலைமாற்றிகளுக்கிடையே தீத்தடுப்புச் சுவர். சிந்தும் எண்ணெயைத் தாங்கிக்கொள்ளும் கல் நிரப்பிய குழி. எளிதில் தீப்பற்றாத தாவர எண்ணெய். இக்கடைசி வழியில் நம் நாட்டாருக்கும் பங்குண்டு. 2001ஆம் ஆண்டிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார், நிலைமாற்றி எண்ணெய்க்கு மாற்றாகத் தேங்காயெண்ணெயை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். தென்னை வளரும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறென்ன? அறிவு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. அதற்குச் செலவிடும் மனம் எவரிடம் இல்லை என்பதே கேள்வி.

இக்கேள்வி எங்கள் மாவட்டத்துக்கு இப்பொழுது மேலும் நெருங்கி வந்துள்ளது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் போரினால் விரட்டப்பட்டனர். அவர்கள் இல்லாத வேளையில் அவர்களது மண்ணில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்கள் போராடினர், வழக்கும் நடந்தது, 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது. சூரியனிலிருந்து பெறும் மின் நல்லது, புகையில்லாதது. ஆயின் அதை உயர் அழுத்தத்துக்கு ஏற்றி அனுப்ப அங்கும் நிலைமாற்றிகள் வேண்டும். அவை எங்கே நிற்கும், வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், உள்ளே என்ன எண்ணெய், அதைச் சோதிப்பவர் யார், சோதனை ஏட்டை ஊரவர் பார்க்கலாமா? இவை அபிவிருத்தியை எதிர்ப்போரின் கேள்விகள் அல்ல. அபிவிருத்தியின் பக்கத்து வீட்டில் குடியிருக்கப் போவோரின் கேள்விகள்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலைமாற்றி என்ற பாடத்தை, சுருள்களின் எண்ணிக்கை விகிதத்தோடு நாம் முடித்துவிடுகிறோம். வினாத்தாளில் அவ்வளவே வருகிறது. அடுத்த முறை அப்பாடம் நடத்தும்போது, எண்ணெயைப் பற்றியும் ஒரு பாடவேளை பேசுங்கள். அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காலத்தையும் பெருக்கும் அச்சிறு கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பின்னர், காலத்தைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். மாணவர்களே, உங்களுள் சிலர் பொறியியலாளராவீர்கள். அதைவிடப் பலர் கையால் வேலை செய்யும் மின்தொழிலாளராவீர்கள். இருவரும் ஒரே ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருங்கள். விபத்து விசாரணை அறிக்கைகள் யாவும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவரின் மொழியில் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து எழுப்புதல் வேண்டும். எண்ணெய்ச் சோதனை முடிவுகள் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும் என்பதையும் அதனோடு சேர்க்கலாம். இது பெரும் பணம் கேட்கும் கோரிக்கையன்று. சில தாள்களைக் கேட்கும் கோரிக்கையே.